உப்புக் கேட்டவள்

நவம்பரில் புது ஒயினைத் திறக்கும் புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தைய வாரம், ‘உப்புக் கேட்டவள்’ ஒயினின் லேபிளில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தென் இத்தாலியின் மொந்தேரூவோ என்ற மலையூரில் குயிரீனோ பெதிச்சீனியின் நிலவறையில் அடுக்கியிருந்த பாட்டில்களில் மட்டுமல்ல, பெனவெந்தோ கடைத்தெருவில் விற்பனைக்கு இருந்தவற்றிலும், நேப்பிள்ஸில் ஓர் உணவகத்தின் ஜன்னலில் அழகுக்கு நிறுத்தியிருந்த பெரிய பாட்டிலிலும், சூரிச்சில் ஒரு பல் மருத்துவரின் வீட்டு அலமாரியில் மிஞ்சியிருந்த ஒன்றிலும் அவள் ஒரே நாளில் திரும்பினாள். அதுவரை வாங்குகிறவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது கண்ணாடிக்குள் இருக்கும் ஒயினைப் பார்த்தபடி நின்றாள். விரித்த கூந்தலும், தோள்பட்டையும், கிண்ணம் ஏந்திய வலது கையின் முழங்கையும் மட்டும் வெளியே தெரிந்தன. அந்த வாரம் பாட்டில் பதினான்கு யூரோவுக்கு விற்றது. ஆலிவ் எண்ணெய் விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

முதலில் பார்த்தவள் குயிரீனோவின் மனைவி லீபெரா. உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குப் போனவள், வரிசை வரிசையாக முதுகு காட்டி நின்ற பெண்களைப் பார்த்தாள். பிறகு உருளைக்கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு மேலே வந்து தோல் சீவ ஆரம்பித்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்கு நெடுநாள் பழக்கம். மாலையில் குயிரீனோ கண்டுபிடித்து, அச்சகத்துக்குத் தொலைபேசியில் கத்தினான். அச்சகக்காரர் பசையைக் குறை சொன்னார். புதிதாக அச்சடித்துப் பார்த்தார். இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போது முகம் இருந்தது. மை காய்வதற்குள் முதுகாகிவிட்டது. “என் மகளைப் பக்கத்துலேயே நிக்கவச்சுப் பாக்கச் சொன்னேன் குயிரீனோ. அவ ஒரு தும்மல் போட்டா. அதுக்குள்ள இது திரும்பிடுச்சு. இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

மொந்தேரூவோக்காரர்கள் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அது யாருடைய முகம் என்று எல்லோருக்கும் தெரியும்.

தபூர்னோ மலையின் அந்தச் சரிவில் விளைவது அல்யானிகோ திராட்சை. மற்ற ஊர்களில் அறுவடை முடிந்து ஏணிகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்த பிறகுதான் இது பழுக்கும். கறுப்பு ஒயின் என்றே சொல்லலாம். நாக்கைப் பிடித்து இழுக்கும், பல்லில் ஒட்டும், மரப்பீப்பாயில் சில வருடம் கிடந்தால்தான் மனிதரோடு பேசப் பழகும். பெதிச்சீனி குடும்பம் தலைமுறையாக அதைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு விற்றுவந்தது. மகன் ரோக்கோ மிலானில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியதும் அது போதாது என்றான்.

“அப்பா, நம்ம ஒயின் நல்லாத்தான் இருக்கு. நல்ல ஒயின் எல்லா மலையிலயும்தான் இருக்கு. ஒரு கதை வேணும்.”

“குடிக்கிறவனுக்குக் கதை எதுக்குடா? கதை சொல்லத்தான் உன் பெரியப்பன் இருக்கானே, ஓசியில.”

பெரியப்பன் என்றது குயிரீனோவின் அண்ணன் தொனாத்தோவை. ரோக்கோ அவரிடமே போனான். தொனாத்தோ ஊர் யனாராவின் கதையைச் சொன்னார். அந்த மலைகளில் ஊருக்கு ஒரு யனாரா உண்டு. சூனியக்காரி. காற்றாகிக் கதவிடுக்கில் நுழைவாள், தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி உட்காருவாள், தொழுவத்தில் பெண் குதிரையின் பிடரியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னிவிட்டுப் போவாள். அவள் யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கதவு காற்றில் ஆடும்போது, ‘நாளைக்கு வா, உப்பு தர்றேன்’ என்று உள்ளிருந்து கூப்பிட வேண்டும். மறுநாள் காலை முதலில் எந்தப் பெண் வாசலில் வந்து உப்புக் கேட்கிறாளோ, அவள்தான். இத்தாலியின் மற்றப் பகுதிகளில் இதைக் கதை என்பார்கள். மொந்தேரூவோவிலும் கதை என்றுதான் சொல்வார்கள். ஆனால் மதியத்துக்கு முன்னால் யாரும் யார் வீட்டுக்கும் போய் உப்புக் கேட்பதில்லை.

“கேட்டு வந்தா ஒருத்தி. நான் கூப்பிட்டு, எங்க வீட்டு வாசலுக்கே வந்தா. இருக்கா இன்னமும், மேலத்தெரு கடைசி வீட்டுல. பேர் சொல்ல மாட்டேன், இன்னைக்குச் சனிக்கிழமை” என்றார் தொனாத்தோ. அன்று செவ்வாய். யனாராவைப் பற்றிப் பேசும்போது சனிக்கிழமை என்று சொல்லிவைத்தால் அவள் காதில் விழாது என்பது அங்கே வழக்கம்.

ரோக்கோ அன்றே ஒயினுக்குப் பெயர் வைத்தான். அப்போது லீபெரா அடுப்பங்கரையில் இருந்தாள். பெயரைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைத் துடைத்து மாட்டினாள். மறுபடி எடுத்துத் துடைத்தாள்.

தொனாத்தோ சொன்ன கதையில் பொய் எதுவும் இல்லை. அவருக்குத் தெரியாத ஒன்று மட்டும் அதில் இல்லை. முப்பது வருடத்துக்கும் மேல் ஆகிறது. டிசம்பர், ஊரில் பன்றி அடித்து இறைச்சியை உப்பிட்டு வைக்கிற காலம். லீபெரா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு மதியம், துணி துவைக்கிற பொதுத்தொட்டியில் அவளுக்குப் பக்கத்தில் ஓர்சொலா ஸோத்தி என்ற பெண் துவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. மறுநாள் எங்கள் வீட்டில் பன்றி, உப்பு போதாது போலிருக்கிறது, கடையிலும் தீர்ந்துவிட்டது என்று ஓர்சொலா சொன்னாள். லீபெரா, எங்கள் வீட்டில் மூட்டையாக இருக்கிறது, காலையில் வா, தருகிறேன் என்றாள். பேசிவைத்துக் கொடுப்பதால் காலை உப்பைப் பற்றிய பயம் இருவருக்குமே தோன்றவில்லை. புது வீட்டில் அவள் தானாக எடுத்த முதல் முடிவு அது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அன்று பொழுது சாயும்போது தொனாத்தோ தொழுவத்துக்குப் போய், குதிரையின் பிடரி முழுக்கப் பின்னியிருப்பதைப் பார்த்தார். காற்று கதவை உலுக்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுவிட்டார்.

விடிந்ததும் ஓர்சொலா வந்தாள். கையில் நீலக் கரை வைத்த கிண்ணம். வீட்டில் திராட்சைக் கொடி வெட்டப் புறப்பட்ட ஆண்கள் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தவள் லீபெரா. “உப்புக்கு வந்தேன்” என்றாள் ஓர்சொலா, சிரித்துக்கொண்டே. உள்ளே ஒரு கோப்பை கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. தொனாத்தோ எழுந்து வந்து, “வந்துட்டா பாருங்க” என்றார். ஓர்சொலா லீபெராவைப் பார்த்தாள். லீபெரா கிண்ணத்தின் நீலக் கரையைப் பார்த்தாள். நான்தான் வரச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரையில் வந்தது. கேட்காமல் வீட்டு உப்பைக் கொடுக்க நீ யார் என்று எல்லோர் முன்னாலும் திட்டு விழும் என்று பயந்தாள். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதையும் அவள் பின்னாளில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஆண்கள் போன பிறகு குயிரீனோவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மாலையில் சொல்லலாம் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் ஒரு சுற்று பெருத்தது. குதிரையின் பிடரியைப் பின்னியது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. யாரோ பின்னியிருந்தார்கள்.

ஓர்சொலாவுக்கு நிச்சயித்திருந்த பையன் ஜெனீவாவுக்கு வேலைக்குப் போனான், திரும்பவில்லை. அவள் தெருவில் வரும்போது ஆண்கள் சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தொட்டார்கள், இரும்புக்கு அவள் அஞ்சுவாள் என்று. பெண்கள் குழந்தைகளை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டார்கள். அறுவடைக்கு உள்ளூரில் யாரும் கூப்பிடாததால் இரண்டு ஊர் தள்ளிப் போய்ப் பழம் பறித்தாள். அப்பா இறந்த பிறகு கோழி வளர்த்தாள். சிலர் ரகசியமாகப் பின்வாசலில் வந்து, பிள்ளைக்கு வயிற்றுவலி, மந்திரிக்க வேண்டும் என்று நின்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றால் கோபித்துக்கொண்டார்கள். அதனால் சீமைச்சாமந்திப் பூவைக் கொதிக்கவைத்துக் கொடுத்து அனுப்பினாள். சில பிள்ளைகளுக்குக் குணமாயிற்று. அதுவும் அவள் கணக்கில் சேர்ந்தது.

லேபிளுக்குப் படம் வரைய போலோஞ்ஞாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளிடம் யாரும் யாரையும் காட்டவில்லை. பேருந்து நிற்கிற இடத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு முகம் பிடித்துப்போய், முடியை மட்டும் கறுப்பாக்கி, வயதைக் குறைத்து வரைந்தாள். வயதைக் குறைத்ததும் அது அந்தக் காலைநேரத்து ஓர்சொலாவாகவே ஆகிவிட்டது. தாள்கள் கட்டுக்கட்டாக வந்தபோது ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கடைக்காரி ஒரு பாட்டிலை எடுத்து ஓர்சொலாவிடமே காட்டினாள். அவள் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மூக்கு இவ்வளவு நீளமா எனக்கு?” என்றாள். தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனாள். முதல் வருடம் லேபிள் ஒட்டும் இயந்திரம் கிடையாது. நிலவறையில் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒட்டியவள் லீபெராதான். காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்ட வேண்டுமென்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தடவ வேண்டும். நடுவில் இருந்தது முகம். குளிர்காலம் முழுக்க அவள் அந்த முகத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

முகம் திரும்பிய பிறகுதான் ஒயினும் மாறியது. ருசியில் மாற்றமில்லை. குடித்தவர்களுக்குப் போதை ஏறுவதற்கு முன்னால் வெட்கம் ஏறியது. கழுத்தடியில் ஆரம்பித்துக் காது மடல் வரை சிவந்து, எதிரில் இருப்பவரைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தார்கள். அவரவர் அளவுக்குத்தான் ஏறியது. பெனவெந்தோவில் ஒரு நில அளவையாளர் இரண்டாவது குவளை பாதியில் முள்கரண்டியை வைத்துவிட்டு, பதினோரு வருடமாகப் பேசாத தங்கைக்குத் தொலைபேசி செய்தார். கசெர்த்தாவில் ஒரு கல்யாணத்துக்கு முந்தைய நாள் விருந்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா வாயைத் திறந்தார். கல்யாணம் அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிப்போனது. ஊர்ப் பாதிரியார் தொன் சாபினோ ஒரு வாய் குடித்துவிட்டு, தன் பிரசங்கம் எல்லாம் இணையத்திலிருந்து எடுத்தது என்று பீடத்திலிருந்தே சொன்னார். அதன் பிறகு சொந்தமாகப் பேசினார். பழையதே தேவலை என்று ஊர் முணுமுணுத்தது. விற்பனை குறையவில்லை. ஏறியது. தான் குடிக்க வாங்கியவர்கள் கொஞ்சம்தான். மற்றவருக்குக் கொடுக்க வாங்கியவர்கள்தான் அதிகம். மாமியார்கள் வாங்கினார்கள். தொழிற்சங்கம் ஒன்று முதலாளிக்குப் பண்டிகைப் பரிசாக ஒரு பெட்டி அனுப்பியது. பாட்டில் முப்பத்தொரு யூரோவானது.

பெதிச்சீனி குடும்பமும் குடிக்காமல் இல்லை. குயிரீனோ குடித்துவிட்டு, ஒரு காலத்தில் ராணுவ முகாமுக்கு அனுப்பிய குடுவைகளில் தண்ணீர் கலந்ததைச் சொன்னான். தொனாத்தோ மூக்கைச் சிந்தி அழுது, மேட்டு நிலத்தில் எல்லைக் கல்லை நகர்த்தியதைச் சொன்னார். லீபெரா மேசையின் மறுபக்கம் நின்று காத்திருந்தாள். அவர் கல்லோடு நிறுத்திக்கொண்டார். ஓர்சொலா பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வராது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. கூப்பிட்டேன், வந்தாள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்தக் காலையைப் பற்றி வெட்கப்பட வேண்டிய ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான். அவள் அந்த ஒயினைத் தொட்டதே இல்லை. வயிறு சரியில்லை என்பாள். எலுமிச்சை பிழிந்த தண்ணீர் குடிப்பாள்.

அடுத்த மார்ட்டின் திருநாளுக்கு ரோக்கோ பெரிய ஏற்பாடு செய்தான். நேப்பிள்ஸிலிருந்து பேருந்துகளில் ஆட்களை வரவழைத்து, சதுக்கத்தில் செஸ்ட்நட் கொட்டை வறுத்து, தொத்திறைச்சி சுட்டு, நடுவில் ஒயின் கடை போடுவது. கடையில் ஓர்சொலா உட்கார வேண்டும். வருகிறவர்களுக்கு ஒரு சிட்டிகை உப்பைத் துணியில் முடிந்து கொடுக்க வேண்டும்.

“நீயே போய்க் கேளும்மா. பொம்பளைக்குப் பொம்பளை.”

“நான் போகல.”

“ஏன்? உனக்குப் பயமா? அது சும்மா கோழி வளர்க்கிற கிழவிம்மா.”

“கிழவின்னு சொல்லாதே. அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு.”

“அப்ப பேச்சுக்கு வசதியாப் போச்சு. நாள்கூலி, மேல ரெண்டு பெட்டி ஒயின், எது வேணும்னாலும் சொல்லு. நிஜ யனாரா உக்காந்திருக்கான்னு பேப்பர்லயே போடுவாங்கம்மா.”

லீபெரா அடுப்பை அணைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். மேலத்தெருவில் கடைசி வீடு வரை அவள் நடந்ததே இல்லை. நடக்கும்போது ஜன்னல் திரைகள் அசைந்தன.

ஓர்சொலா முற்றத்தில் முக்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உரித்தாள்.

“பெதிச்சீனி வீட்டம்மா. என்ன, உப்பு தீந்துபோச்சா?”

லீபெரா நின்றாள்.

“உக்காரு. நாற்காலி கடிக்காது. கோழிதான் கடிக்கும்.”

லீபெரா உட்காராமலே ரோக்கோ சொல்லி அனுப்பியதைச் சொன்னாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. ஒயின் பெட்டிகளைப் பற்றிச் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூஞ்சிய எடுத்து ஒட்டினீங்க. அது திரும்பிக்கிச்சு. இப்ப ஆளையே கொண்டுபோய் ஒட்டணுமாக்கும்?”

“கட்டாயம் இல்ல.”

“எனக்கு எது கட்டாயம்னு உங்க வீட்டு வாசல்லதானே முடிவாச்சு.” ஓர்சொலா ஓர் அவரையைப் பிளந்து பருப்பைத் தட்டில் தள்ளினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். “ஒண்ணு கேக்கணும். வேற யார்கிட்டயும் கேக்க முடியாது. அன்னைக்கு மத்தியானம், தொட்டிகிட்ட, நீ என்னை வரச் சொன்னியா?”

லீபெரா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

“குத்திக்காட்டணும்னு கேக்கல. எனக்கே இப்ப நிச்சயமாத் தெரியல. முதல் கொஞ்ச வருஷம் தெரிஞ்சுது. உன் கையில சோப்பு நுரை இருந்துச்சு. மூட்டையா இருக்கு, வான்னே. எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் ஊரே ஒண்ணு சொல்லுது, நான் ஒருத்தி வேற ஒண்ணு நெனைச்சுக்கிட்டிருக்கேன். எத்தனை நாள் நெனைக்க முடியும்? ஒருவேளை நீ சொல்லவே இல்லையோ. நான்தான் தூக்கத்துல எந்திரிச்சுப் போய் அந்தக் குதிரைக்குப் பின்னல் போட்டேனோ. தொனாத்தோ கூப்பிட்டது எனக்குள்ள எங்கயோ கேட்டு, கிண்ணத்த எடுத்துட்டு வந்துட்டேனோன்னு. ரொம்ப நாள் படுக்கும்போது கதவுக்குக் குறுக்க நாற்காலியப் போட்டுட்டுப் படுத்தேன். வெளிய இருந்து யாரும் வருவாங்கன்னு இல்ல. நான் வெளிய போயிடக் கூடாதுன்னு.”

இத்தனை வருடமாக லீபெரா ஓர்சொலாவுக்கு நேர்ந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் யோசித்து வைத்திருந்தாள். ஜெனீவா போன பையன், சாவியைத் தொட்ட கைகள், பேருந்தில் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கை. அந்த நாற்காலி அவள் யோசனையில் வந்ததே இல்லை.

“சொன்னேன்” என்றாள்.

“என்னது? சத்தமாச் சொல்லு. கோழி கத்துது.”

“நான்தான் உன்னை வரச் சொன்னேன்.”

ஓர்சொலா கீழே விழுந்திருந்த ஓர் அவரையை எடுத்து ஊதித் தட்டில் போட்டாள். “சரி. அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல” என்றாள். அழுவாள் என்று லீபெரா எதிர்பார்த்தாள். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை. எழுந்து கோழிகளைக் கூண்டில் அடைக்க ஆரம்பித்தாள். “உன் பையன்கிட்டச் சொல்லு. வர்றேன். கூலியும் வேணாம், ஒயினும் வேணாம். ஆனா நீ பக்கத்துல நிக்கணும். என்னைக் கேக்கிறவங்களுக்கு நீதான் பதில் சொல்லணும்.”

திருநாளன்று வெயில் நன்றாக இருந்தது. பேருந்துகள் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்தன. ஓர்சொலா தேவாலயத்துக்குப் போடும் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தாள். ரோக்கோ முடியை விரித்துவிடச் சொன்னான். “உன் அப்பனை விரிக்கச் சொல்லு, இருந்தா” என்றாள். குயிரீனோவுக்கு வழுக்கை. கூட்டம் சிரித்தது. ஊரார் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒரு குவளை ஒயினை ஓர்சொலாவிடம் நீட்டினார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் முழுவதையும் குடித்தாள். கழுத்து சிவக்கவில்லை, காது சிவக்கவில்லை. “கொஞ்சம் கறகறன்னு இருக்கு. கறியோட இறங்கும்” என்றாள்.

நேப்பிள்ஸிலிருந்து வந்திருந்த ஒரு பெண், கையில் குழந்தையோடு, குனிந்து கேட்டாள். “நீங்க நெசமாவே யனாராவா, அக்கா?”

“இவளைக் கேளுங்க. வாசல்ல நின்னவ இவதான்.”

லீபெரா ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. இதைப் பிறகு பல பேர் உறுதியாகச் சொன்னார்கள். அந்த ஊரில் ஒருவர் பேசியதைச் சொல்லும்போது எவ்வளவு குடித்துவிட்டுப் பேசினார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்ல. நான்தான் வரச் சொன்னேன். மொத நாள் மத்தியானம், துணி தொவைக்கிற எடத்துல. எங்க வீட்டுல உப்பு நெறைய இருக்கு, காலையில வான்னு சொன்னேன். அதான் வந்தா.”

“என்ன பேசறே?” என்றார் தொனாத்தோ. “நான் கூப்பிட்டுல்ல வந்தா?”

“உங்களுக்கு முன்னாடியே நான் கூப்பிட்டுட்டேன், மச்சான். திட்டுவீங்கன்னு சொல்லல.”

“எதுக்குத் திட்டுறேன்?”

“உப்புக்கு.”

அடுப்பில் செஸ்ட்நட் வெடித்தது. நேப்பிள்ஸ் பெண் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். முதலில் சிவந்தவர் தொனாத்தோ. அவருக்குப் பக்கத்தில் கடைக்காரி. பிறகு அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. குடித்தவர், குடிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லை. ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. பைக்குள் இருந்த கைகள் மெல்ல வெளியே வந்தன, எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கின. ஊர் மேளக்காரர்கள் சிவந்தார்கள், தொன் சாபினோ சிவந்தார், ரோக்கோ மிலானில் வாங்கிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிவந்தான். வெளியூர்க்காரர்கள் அடுப்பின் அனல் என்று நினைத்தார்கள். நாலு வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் தொத்திறைச்சி கேட்டு அழுதார்கள்.

மறுநாள் சிவப்பு போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. ஊரைவிட்டு எப்போதோ போனவர்களுக்கும் அதே நேரத்தில் வந்திருந்தது. புவனஸ் அயர்ஸிலிருந்து குயிரீனோவின் ஒன்றுவிட்ட தம்பி கூப்பிட்டு, “அங்க யாராவது செத்துட்டாங்களா? எனக்கு மூஞ்சி எரியுது” என்று கேட்டான். ஜெனீவாவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு மருத்துவர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பெட்டி ஒயின் வாங்கிக்கொண்டு போனார். லேபிளில் இருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பாள் என்று ரோக்கோ தினமும் நிலவறைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிறுத்திவிட்டான். பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்க மேலத்தெருவுக்கு அவனே போனான். “பேர் இருக்கட்டும். உப்புக் கேட்டது நெசந்தானே” என்றாள் ஓர்சொலா.

இப்போது மொந்தேரூவோவில் எல்லோரும் அந்த நிறத்தில்தான் நடமாடுகிறார்கள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர் விளக்கைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் மலைக்காற்று என்கிறார்கள், ஒயின் என்கிறார்கள். இவர்கள் மறுப்பதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். காலைப் பேருந்து வளைவில் திரும்பும்போது, நிறுத்தத்தில் நிற்கிற சிவந்த முகங்களுக்கு நடுவில் வெளுத்த முகம் ஒன்று தனியாகத் தெரியும். ஓட்டுநர் அதைப் பார்த்துத்தான் பேருந்தை எங்கே நிறுத்துவது என்று கணக்கு வைத்துக்கொள்கிறார். கோழிக்கூடையை ஏற்ற இரண்டு மூன்று பேர் கை கொடுக்கிறார்கள். ஓர்சொலா சிலரை ஏற்ற விடுவாள், சிலரிடமிருந்து கூடையைப் பிடுங்கிக்கொள்வாள். பக்கத்து இருக்கை பெரும்பாலும் நிரம்பிவிடுகிறது. சனிக்கிழமைகளில் லீபெராவும் சந்தைக்குப் போகிறாள். அவள் முகம் மற்றவர்களைவிட ஒரு சாயம் கூடுதலாக, அல்யானிகோவின் நிறத்துக்கே வந்திருக்கிறது. ஏறியதும் வணக்கம் சொல்வாள். ஓர்சொலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். லீபெரா பின்னால் ஓர் இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொள்வாள். அடுத்த சனிக்கிழமையும் சொல்வாள்.